ரப்பர் புழு

லமார் நீட்டிய தூண்டில் கோலின் நுனியில் ரப்பர் புழு தொங்குவதைப் பார்த்ததும் வெர்னன் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“என் கோல் எங்கடா?”

“ரீல் சரிபண்ணக் குடுத்தியேண்ணே, அது என் வீட்டுலயே நிக்குது. எடுத்து வைக்க மறந்துட்டேன். இதுல போடு. ரப்பர் புழுவுல உன்ன அடிச்சுக்க அலபாமாவுலயே ஆள் இல்லன்னு நீதான சொல்லிட்டுத் திரிவ.”

சொல்லிக்கொண்டு திரிந்தது உண்மைதான். அந்த வாய்தான் இப்போது வினையாக வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். லமாரின் மாமனார் மாடுகளுக்காக வெட்டிய குளம். அவர்கள் இருவரையும், வில்லோ மர நிழலில் படுத்திருந்த மாடுகளையும் விட்டால் வேறு யாரும் இல்லை.

இந்த வசந்தம் முழுக்க வெர்னன் தகட்டுத் தூண்டில்தான் போட்டார். தகடு தண்ணீரில் சுழலும். பாஸ் என்னும் வேட்டைமீன் வெறி பிடித்துத் துரத்தி வந்து கவ்வி, தானே முள்ளில் மாட்டிக்கொள்ளும். தூங்கிக்கொண்டே பிடிக்கலாம். ரப்பர் புழு அப்படியில்லை. அதைச் சேற்றோடு சேறாக மெல்ல ஊர விடவேண்டும். மீன் வந்து வாயால் உறிஞ்சும்போது விரல் நுனியில் ‘டிக்’ என்று ஒன்று வரும். அவ்வளவுதான் சேதி. ரப்பர் என்று தெரிந்து துப்புவதற்குள் கோலைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்துவிட வேண்டும்.

வெர்னனின் விரல்கள் அவருக்குச் சேதி சொல்வதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகின்றன. சர்க்கரை. முதலில் பாதம் மரத்தது, குளிர்காலத்தில் விரல்களும் மரத்துப்போயின. வேலை செய்யும் இடத்தில் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

இருவரும் லைன்மேன்கள். ஒரே வண்டி, ஆளைக் கம்பி உயரத்துக்குத் தூக்கும் ஒரே தூக்குக்கூடை. மின்சாரம் ஓடும் கம்பியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை. தடித்த ரப்பர் கையுறைக்குள் எவன் விரலுக்குத்தான் பெரிதாக என்ன தெரிகிறது என்று வெர்னன் தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தார். வெளியே தெரிந்தால் ஆபீசில் உட்காரவைத்து போன் எடுக்கச் சொல்வார்கள். இளவயதிலிருந்து கம்பத்தில் ஏறியவருக்கு அதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

வியாழக்கிழமை அவர் கையிலிருந்து ஒரு நட்டு நழுவி, லமாரின் காதை உரசிக்கொண்டு கீழே போனது. “வேர்வைடா” என்றார். வாய் ஓயாத பயல் அன்று சாயங்காலம்வரை வாயே திறக்கவில்லை. இன்றைக்குக் கோலை உண்மையாகவே மறந்தானா, மறந்ததுபோல நடிக்கிறானா?

வெர்னன் புழுவை வீசினார். விரல் போனால் என்ன, கண் இருக்கிறதே. கோலிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் தூண்டில் நரம்பையே இமைக்காமல் பார்த்தார். காற்று அடித்தது. தண்ணீர் ஆடியது, நரம்பும் ஆடியது. எது காற்று, எது மீன்?

“அண்ணே.”

“என்ன?”

“கோல் நுனி ரெண்டு தடவ ஆடிச்சு.”

வெட்டி இழுத்தார். முள்ளிலிருந்து நழுவிக் கசங்கிய புழு மட்டும் வந்தது. ஒரு மீன் அதை நன்றாக மென்றுவிட்டுப் போயிருந்தது.

“தெரியலையா உனக்கு?”

“பொடிசுடா. பொடிசுக்கெல்லாம் நான் மெனக்கெடறதில்ல.”

லமார் சிரிக்கவில்லை. வேகவைத்த வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டபடி, தன் தூண்டிலைத் தொடாமல், அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெர்னன் புழுவை நிமிர்த்தி முள்ளின் நுனியை அதன் உடம்புக்குள் மறைத்துச் செருகினார். சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி கரையில் தள்ளி நின்றார். இப்போது நரம்பு வெள்ளிக்கோடாகத் தெரிந்தது. ஆனால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மர நிழல் தண்ணீர்மேல் நீண்டுகொண்டே வந்தது. அது நரம்பைத் தொடுவதற்குள் ஒரு மீன் வேண்டும். ஒன்றே ஒன்று போதும்.

நிழல் நெருங்கியபோது நரம்பு துள்ளிப் பக்கவாட்டில் நகர்ந்தது. காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்தது.

வெட்டினார். கோல் வில்லாக வளைந்தது. மீன் குளத்தின் நடுவே எகிறித் தலையை உதறியது. பெரிய மீன். மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. அல்லிக் கொடிக்குள் அது புகுந்துவிடாமல் இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, குனிந்து, அதன் கீழ்த்தாடையை இடது கையால் பற்றித் தூக்கினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

“பாத்துக்கடா. போன மாசம் நீ புடிச்சியே, அது இதோட பேத்தி.”

லமாரின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. அவனும் இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தான் போல. “அப்படியே தூக்கிப் புடிண்ணே, போட்டோ எடுக்கறேன்” என்று போனை எடுத்தான்.

வெர்னன் வலது கையால் முள்ளைக் கழற்றப் பார்த்தார். மீன் ஒரு உதறு உதறியது. முள் கழன்று கைக்கு வந்தது. இடது கையில் மீன், வலது கையில் புழு, இரண்டையும் உயர்த்திப் பிடித்து, கல்யாண மாப்பிள்ளைபோலச் சிரித்தார்.

லமார் போனை மெல்லக் கீழே இறக்கினான்.

“எடுத்துட்டியா?”

“அண்ணே, அந்தப் புழுவ கீழ போடு.”

வெர்னன் வலது கை விரல்களை விரித்தார். புழு விழவில்லை.

முள் ஆள்காட்டி விரலில் வளைவு வரைக்கும் இறங்கியிருந்தது. ரத்தம் மணிக்கட்டைத் தாண்டி ஓடிச் சட்டைக்கையை நனைத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

லமார் அவரிடமிருந்து மீனை வாங்கித் தண்ணீரில் விட்டான். எழுந்திருக்காமல் அங்கேயே குந்திக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி கேட்டான்: “கையுறையில ஓட்ட விழுந்தா உனக்குத் தெரியுமாண்ணே?”

வெர்னன் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“நாம ரெண்டு பேரும் ஒரே கூடையில நிக்கறோம். என் வீட்டுல தொட்டில் கட்டி மூணு மாசங்கூட ஆகல. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

வெட்கம் பிடுங்கித் தின்றது வெர்னனை. விரலில் வராத வலி முழுக்க வேறெங்கோ வந்தது.

“காலையில ஆபீசுல நானே போய்ச் சொல்லிடறேன்.”

லமார் தலையசைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து பெட்டியிலிருந்து குறடை எடுத்தான். அவர் கையைத் தன் முழங்கால்மேல் வைத்து, முள்ளைக் குறடால் பிடித்தான். இழுக்க மனமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“மெதுவா எடுக்கணும்னு இல்லடா” என்றார் வெர்னன்.