பாதித் தலை

அண்ணனின் இடது காதுக்கு மேல் முடியைச் சீப்பால் தூக்கிக் கத்தரிக்கோல் வைத்தபோதே அவர் மூச்சு ஒரு மாதிரி இழுத்தது. தம்பிக்காரர் கவனிக்கவில்லை. சலூன்காரரான அவருக்குக் கை ஓட ஆரம்பித்தால் காது கேட்காது.

"ரொம்பப் புழுக்கமா இருக்குடா. வெட்டி விடு."

காலையில் அண்ணன் படுக்கையில் கிடந்தபடி கேட்டதும் இவர் கத்தரிக்கோலும் சீப்புமாக வந்துவிட்டார். அந்தத் தலையைத் தொட்டு ஐம்பது வருஷம் ஆகிறது. அப்போதெல்லாம் பையன்கள் தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு, பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்காதே என்று ஊர்வலம் போவார்கள். முடிதான் அவர்களுக்குக் கொடி. ஒருநாள் போலீஸ் பதினோரு பேரை இவர் சலூனுக்குள் தள்ளி, "மொட்டை அடி" என்றது. அடித்தவர் இவர். பதினோராவது தலை அண்ணனுடையது. முடியும்வரை அண்ணன் கண்ணாடியில் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறமும் ஒரே வீட்டில் சாப்பிட்டார், இவர் பிள்ளைகளைத் தோளில் சுமந்தார். தலையை மட்டும் கொடுக்கவில்லை.

இன்றைக்குக் கொடுத்தது மன்னித்தா, வெறும் புழுக்கத்துக்கா? எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை இவர். இடது பக்கம் முடிந்ததும் நேராகவே கேட்டுவிட நினைத்திருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். தலை கையில் கனத்தது. மூச்சு நின்றிருந்தது.

அழுது ஓய்ந்து அண்ணன் மகள் வந்தாள். "சித்தப்பா, பாதியில நிக்குதே. முடிச்சிடுங்க. ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க."

முதலில் வந்தவர் அந்தப் பதினோரு பேரில் ஒருவர். பட்டப்பெயர் சிங்கம். பிடரிமயிர் போய் இப்போது வழுவழு வழுக்கை.

"எங்க செட்டுல இவன் ஒருத்தனுக்குத்தான்யா மயிர் மிச்சம் இருந்துச்சு" என்று கண்ணைத் துடைத்தார். "அதையும் விடலையா நீ?"

"அவர்தான் வெட்டச் சொன்னாரு."

"அன்னிக்கும் யாரோ சொல்லித்தானே வெட்டுன."

தம்பிக்காரர் கத்தரிக்கோலை உறையில் போட்டார்.

"இப்படியே விட்டா பாக்கறவங்க சிரிப்பாங்க, சித்தப்பா."

"சிரிச்சிட்டுப் போறாங்க. அவர் வாயால சொல்லாம இனிமே என்னால முடியாதும்மா."

அண்ணனின் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். காலருக்குள் குனிந்து ஊதினார். போகாமல் ஒட்டியிருந்ததை விரலால் ஒவ்வொன்றாக எடுத்தார்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"துணுக்கு முடிம்மா" என்றார். "கழுத்துல குத்தும்."