இளஞ்சிவப்புக் கோடு

பிஷ்கெக் நகரில் மூடநம்பிக்கையை ஒழித்தவன் நான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கார அம்மாள் ஜிபெக் அக்காவின் சலவை இயந்திரம் நின்றுபோனது. அவர் ஆர்ச்சா என்னும் ஊசியிலை மரத்தின் காய்ந்த கிளை ஒன்றை வாணலியில் கொளுத்தி, "அலாஸ், அலாஸ், எல்லாக் கேடும் விலகட்டும்" என்று இயந்திரத்தைச் சுற்றிப் புகை காட்டினார். இயந்திரம் ஓடியது. சுற்றும்போது அவர் கால் பட்டு, தளர்ந்திருந்த பிளக் சரியாகப் பொருந்திக்கொண்டதை நான் பார்த்தேன். 'துணி துவைத்த பேய்க்குப் பிரியாவிடை' என்று என் டெலிகிராம் சேனலில் எழுதினேன். நான் படிக்கும் கட்டடக்கலைத் துறையே விழுந்து விழுந்து சிரித்தது. ஜிபெக் அக்காவும் படித்திருக்க வேண்டும். அந்த வாரம் எங்கள் தேநீரோடு ஜாம் வரவில்லை.

அப்பேர்ப்பட்ட எனக்கு, நோரூஸ் என்னும் வசந்தப் புத்தாண்டுப் பண்டிகை நெருங்கும் நேரத்தில், மடிக்கணினித் திரையில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு விழுந்தது. ஜெர்மனியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்வுபெற்று, சந்தை வழியாக செகண்ட் ஹேண்டில் என்னிடம் வந்த கணினி அது. முதலில் ஒரு கோடு. அப்புறம் அதற்குத் துணையாக இன்னொன்று. அப்புறம் திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். அப்புறம் இருட்டு. விசிறி மட்டும் உள்ளே மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. இடது மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினால் படம் வரும், எடுத்தால் போய்விடும். அழுத்தியபடியே சாப்பிட்டேன். கம்பளி போர்த்திப் பார்த்தேன். காய்ச்சல்காரனைப் போல அது சூடானதே தவிரக் கண் திறக்கவில்லை.

பண்டிகைக்கு மறுநாள் கல்லூரித் தேர்வில் நான் வரைந்த பேருந்து நிலையத்தை, உள்ளே நடந்துபோவதுபோல, அசையும் படமாகக் காட்ட வேண்டும். கோப்பு பென்டிரைவில் பத்திரமாக இருந்தது. கல்லூரிக் கணினிகளோ அதைத் திறக்கும்போதே உறைந்துவிடும். படம் இல்லையென்றால் அரசுச் செலவில் படிக்கும் என் இடம் போய்விடும். எங்கள் ஊர் நாரினில் அண்ணனின் டயர் கடையில் எனக்கென்று ஒரு நீல மேலங்கி ஆணியில் தொங்குகிறது. அண்ணன் அதைப் படமெடுத்தே அனுப்பியிருந்தான்.

சந்தையில் பழுது பார்ப்பவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கிராஃபிக்ஸ் சிப்புக்கு அடியில ஈயம் விட்டுப்போச்சு தம்பி. சூடு காட்டினா ஒட்டும்."

"எத்தனை நாள் தாங்கும்ணே?"

"தாங்குற வரைக்கும் தாங்கும். பண்டிகை முடிஞ்சு கொண்டா." சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினார்.

நோரூஸ் அன்று காலை ஜிபெக் அக்கா ஆர்ச்சாப் புகையோடு அறை அறையாக வந்தார். என் அறைத் தோழன் மிர்லான் தலையைக் குனிந்து, சட்டைக் காலரைக்கூட விரித்துக் காட்டி வாங்கிக்கொண்டான். நான் கணினிக்குக் குறுக்கே நின்றேன்.

"இதுக்கு வேணாங்க்கா. இதுக்கு வேண்டியது சூடு, புகை இல்ல."

"சூடு இல்லாமதான் புகை வருதாடா, அறிவாளி?" என்று வாணலியை பால்கனியில் வைத்துவிட்டு, முற்றத்துக் கொப்பரையிலிருந்து எங்களுக்கான சுமலாக் என்ற கோதுமைமுளைக் கஞ்சியை வாங்கக் கிளம்பினார்.

அவர் படி இறங்கியதும் கணினியைப் பிரித்தேன். உள்ளிருந்த மின்சுற்றுப் பலகையைக் கழற்றி, சிப்பை மட்டும் விட்டு மற்ற இடத்தையெல்லாம் வெள்ளித்தாளால் மூடி, அக்காவின் ரொட்டித் தட்டில் வைத்து, அக்காவின் ரொட்டி அடுப்புக்குள் தள்ளினேன். மிர்லான் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான்.

"மேல கொஞ்சம் எள்ளு தூவவா?"

உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். ஆராய்ச்சியின்போது பேசக் கூடாது.

தட்டை வெளியே எடுக்கும்போது அக்கா வாசலில் கிண்ணத்தோடு நின்றார். வீடு முழுக்கக் கருகிய பிளாஸ்டிக் வாடை.

"எர்மெக்! என் ரொட்டி அடுப்புல என்னடா வேகுது?"

"ஒண்ணுமில்லக்கா. விட்டுப்போன ஈயத்த ஒட்டவைக்க ஒரு தொழில்நுட்ப முறை."

"நான் புகை காட்டினா பேயி. நீ பொட்டிய வேகவெச்சா தொழில்நுட்பமா? இதையும் எழுது உன் சேனல்ல. ஈயம் வெந்த அடுப்புல இனிமே எவ ரொட்டி வைப்பா?"

பிசைந்து வைத்திருந்த மாவை மிர்லான் தலையில் ஏற்றி, பக்கத்து வீட்டு அடுப்பைத் தேடிப் போய்விட்டார். மேசைமேல் கஞ்சிக் கிண்ணம் ஒன்றுதான் இருந்தது, மிர்லானுக்கு.

பலகை ஆறியதும் திருகுகளை முடுக்கினேன். பொத்தானை அழுத்தினேன். திரை பளிச்சென்று வந்தது, ஒரு கோடுகூட இல்லை. 'அறிவு வென்றது' என்று சேனலில் இரண்டே வார்த்தை போட்டுவிட்டு, பேருந்து நிலையத்தைப் படமாக்க விட்டேன். டிக்கெட் கவுண்டர் வந்தது. நடைமேடை வந்தது. பயணிகள் கூடத்தின் கூரை பாதி முடிந்திருந்தபோது, வலது ஓரத்தில், மயிரிழை அளவில், இளஞ்சிவப்பாக ஒன்று நின்றது.

மூலையை அழுத்தினேன். போகவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன், திரும்பி வந்தேன், தண்ணீர் குடிக்கப் போனதை மறந்துவிட்டு மறுபடி போனேன். கோடு கொஞ்சம் தடித்ததுபோல் இருந்தது. கீழே முற்றத்தில் ஊஞ்சலாடும் பெண்களின் கூச்சல். நீல மேலங்கியின் பையில் 'எர்மெக்' என்று அண்ணி தைத்திருந்ததும் அண்ணன் அனுப்பிய படத்தில் தெரிந்தது.

பால்கனியில் வாணலி வைத்த இடத்திலேயே இருந்தது. ஆர்ச்சாக் கிளை பாதிதான் எரிந்திருந்தது. தீக்குச்சி கிழித்தேன். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பிடித்தது. வாணலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையை ஒரு சுற்று, இன்னொரு சுற்று. உதடு தானாக எதையோ முணுமுணுத்தது. வாடை அக்காவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று ஜன்னலைத் திறந்தேன்.

புகை வெளியே போக ஆரம்பித்தது. ஓடிப்போய் ஜன்னலை மூடினேன்.