நிற்காமல் நடக்கும் தூரம்

மார்ச் 7, வியாழன். மருத்துவமனைப் படிவத்தில் ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். 'நோயாளி நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பார்?' என்ற கேள்விக்கு, 'கோயில் வரை, அரை கிலோமீட்டர்' என்று எழுதினேன். நேற்று கூடவே நடந்து பார்த்தேன். அப்பா மூன்று இடத்தில் நிற்கிறார்.

நோட்டில் எழுதியதைப் படித்துவிட்டு 'சிறிய' என்ற சொல்லை மட்டும் அனிட்டா அடித்தாள்.

நைனார்பாளையத்தில் செபமாலைக்கு மணி அடிக்கும் நேரத்தில் அவள் சின்னசேலத்தில் கணினி வகுப்பில் இருப்பாள். அப்பா இன்னாசி தினமும் கோயிலுக்குப் போய் வருகிறார் என்பது தெரியும். எப்படிப் போகிறார் என்பது தெரியாது. நேற்று சாம்பல் புதன் என்பதால் வகுப்புக்குப் போகாமல் அவருடன் போனாள். அப்பா முதலில் கலையரசனின் டீக்கடையில் நின்றார். ரங்கம்மாள் வீட்டு வாசலில் நாற்காலியே தயாராக இருந்தது.

"முன்னெல்லாம் உங்கப்பா பஸ்ஸப் புடிக்கப் போறாப்ல ஓடுவாரு. இப்ப என் மருமவ கதையக் கேக்காம தாண்ட மாட்டாரு" என்று ரங்கம்மாள் சிரித்தாள்.

அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "மருமவ இன்னா சொல்றா?" பதில் பத்து நிமிடம் வந்தது. அந்தப் பத்து நிமிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. சட்டைக்குள் நெஞ்சு ஏறி இறங்குவதை அனிட்டா பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதாக, மரவள்ளிக் காட்டு மோட்டார் கொட்டகையில், கேள்வி கேட்க ஆள்கூட இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

போன மாதம் சென்னையில் டாக்டர் கம்பிவலையால் ஆன சின்னக் கூண்டு ஒன்றைக் காட்டினார். அப்பாவின் இதய வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. தொடை ரத்தக்குழாய் வழியாக இதை உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். கூண்டு மாட்டியிருந்த நீளக் குழாயின் மறுமுனையில் இருந்த குமிழைத் திருகியதும் கூண்டு உயரம் குறைந்து அகலமாக விரிந்தது. எதிர்ப்பக்கம் திருகினால் மறுபடியும் சுருங்கியது. சரியாக உட்காரவில்லை என்றால் சுருக்கி வேறு இடத்தில் வைக்கலாம், குழாயிலிருந்து கழற்றிவிடும் வரை திருத்தலாம் என்றார். அனிட்டாவுக்கு அது பிடித்திருந்தது. உள்ளே இருக்கும் இதழ்கள் மாட்டின் சவ்வு என்றதும் அப்பா, "நான் ஓட்டுன மாடு இப்ப என்னை ஓட்டப் போவுதா?" என்று கேட்டு டாக்டரையே சிரிக்க வைத்தார்.

வெள்ளிக்கிழமை அவள் மருத்துவமனைக்குப் போன் செய்து, அப்பா மூன்று இடத்தில் நிற்பதைச் சொன்னாள். நர்ஸ் தேவிப்ரியா படிவத்தை எடுத்துப் பார்த்தாள். "இத முதல்லயே சொல்லியிருக்கணும்மா. நல்லா நடக்குறாருன்னுதான் ஏப்ரல்ல போட்டோம்." ஒரு மணி நேரத்தில் திரும்ப அழைத்தாள். சிகிச்சை வரும் புதன்கிழமைக்கு மாறியிருந்தது.

சனிக்கிழமை அம்மா பவுலின் சொல்லி அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது.

"நாலு பேருகிட்ட நின்னு பேசுனா அது நோவாடி?"

"நீ எங்கப்பா பேசுன? கேள்வி கேட்டுட்டு மூச்சு வாங்கிக்கினு இருந்த."

"தெரிஞ்சா கிளாஸ வுட்டுட்டு வூட்லயே குந்திக்குவ. அதான்" என்றார். பிறகு, "நாளைக்குப் பாரு, நிக்காம நடக்குறேன்" என்றார்.

ஞாயிறு காலைப் பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். "இன்னா மாமா, டீ வேணாமா?" என்றான் கலையரசன். கையை மட்டும் தூக்கினார். ரங்கம்மாள் நாற்காலியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, குந்திட்டுப் போங்க!" திரும்பவே இல்லை. கூப்பிட வேண்டும் என்று அனிட்டாவுக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் அவர் நேராக நடந்தார். ஒருவேளை நான்தான் தவறாக எழுதிவிட்டேனோ, முதலில் எழுதியதுதான் சரியோ என்று நினைத்தாள். மோட்டார் கொட்டகையையும் அவர் தாண்டும்போது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கோயில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பினார். உதடு நீலமாக இருந்தது. "எழுதிக்கோ" என்றார். கம்பியைப் பிடித்தபடியே சரிந்தார். பின்னால் ரங்கம்மாள் நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஆம்புலன்ஸ் வரும் வரை அதில்தான் அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வண்டி கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை அடக்கம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு அனிட்டா நோட்டைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கான பக்கத்தில், 'நிற்கவில்லை. அரை கிலோமீட்டர்' என்று எழுதினாள். அதை அடிக்கவில்லை. மறுநாளுக்கான பக்கத்தைத் திருப்பினாள்.

மார்ச் 12, செவ்வாய். காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனைக்குப் போன் செய்து, புதன்கிழமை இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும். நாற்காலி கோயில் கேட்டருகிலேயே இருக்கிறது. ரங்கம்மாள் அத்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.