ஒன்பதாம் நாள் கோதுமை

நான் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு மூலையில் இருந்த ஆளுயரக் காலி எண்ணெய்ச் சாடிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, விரிசல் வழியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தீவின் கோதுமை முழுவதும் எங்களைப் பிடித்து ஆண்ட இத்தாலியப் படையின் கிடங்கில் பூட்டிக் கிடந்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு மணிகூடக் கிடையாது. ஆனால் சார்ஜென்ட் பெல்லூச்சிக்கு ஆவிகள் என்றால் பயம். மூன்றாம் நாளும் ஒன்பதாம் நாளும் நாற்பதாம் நாளும் இறந்தவனுக்குக் கோதுமை வேகவைத்துப் படைக்க வேண்டும் என்று பாதிரியார் சொன்னதும் கிடங்கைத் திறந்துவிட்டான். முதல் இரண்டுக்கும் ஒவ்வொரு படி. நாற்பதாம் நாளுக்கு ஒரு மூட்டை.

என் பிள்ளைகள் இருவரும் காட்டுக் கீரை தின்று வயிறு வீங்கிக் கிடந்தார்கள். அதனால் செத்தேன். பெட்டிக்குள் கல்லை வைத்துப் புதைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் சார்ஜென்ட் நேரிலேயே வந்துவிட்டான். ஓராண்டில் எங்கள் மொழி அவனுக்கு நன்றாகப் படிந்திருந்தது. ஒரு கரண்டி கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு இறந்தவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வது எங்கள் வழக்கம். அதைக் கேட்கக் காத்திருந்தான்.

கூடியிருந்த ஊரார் எல்லோரும் மென்றார்கள். என்னைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றும் எவருக்கும் அகப்படவில்லை.

"நல்லாத் தூங்குவான்" என்றார் ரொட்டிக்காரர், கடைசியில்.

"அவ்வளவுதானா?" சார்ஜென்டின் குரல் மாறியது. "எங்க ஊர்ல திருடன் செத்தாக்கூட நாலு பேர் அழுவாங்க. பந்தெலி நிஜமாவே செத்தானா?"

மூட்டை கைநழுவிப் போவது சாடிக்குள்ளேயே எனக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுச் சரண்டோஸ் எழுந்தான். குரல் தழுதழுத்தது.

"தங்கமான மனுசன், ஐயா. உயிர் போறப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டான். 'அண்ணே, வேலியோரத்து அத்திமரம் உங்களோடதுதான். பதினோரு வருசமா வம்பு பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க'ன்னான்."

நான் அவனை ஒருநாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. கழுதை என்றுதான் கூப்பிடுவேன். அந்த மரம் என் தாத்தா நட்டது.

சார்ஜென்ட் என் மனைவி அர்கிரோவிடம் திரும்பினான். "உண்மையாம்மா?"

அவள் சாடியைப் பார்த்தாள். நான் முஷ்டியைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க ஐயா. அப்படியேதான் சொன்னாரு."

"இப்படிப்பட்டவனா!" சார்ஜென்ட் மூக்கைச் சிந்தினான். "நாற்பதாம் நாளுக்கு ரெண்டு மூட்டை தரேன்."

அவன் போனதும் வீடு காலியானது. சரண்டோஸ் மட்டும் சாடியருகே வந்து விரலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஒரு மூட்டை என்னோடது தம்பி. மரம் முழுசா என்னோடது. ஆட்சேபணை இருந்தா எழுந்து வந்து சொல்லு."

செத்தவன் என்ன பேசுவது?

அர்கிரோதான் பேசினாள். "மூட்டையை எடுத்துக்கங்க அண்ணே. அது தீர்ந்தா அடுத்து யாரு சாகணும்?"

சரண்டோஸ் யோசித்தான். "என் முறைதான்."

"சாவுங்க. ஒன்பதாம் நாள் நான் வந்து நல்ல வார்த்தை சொல்றேன்." கோதுமைத் தட்டைத் துடைத்தாள். "உங்க கோவேறு கழுதையை எனக்குத்தான் குடுத்துட்டுப் போனீங்கன்னு."