வராத ஒன்பதாம் பாகம்

கூலிகளை வேலை வாங்கும் தண்டல் இராமலிங்கத்தை அடித்தவன் முகத்தில் கறுப்புத் துணி கட்டியிருந்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே சரக்கு ஷெட்டுக்குப் பின்னால், சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், இரும்புக் கம்பியால் அடித்துவிட்டு ஓடிவிட்டான். தண்டலுக்கு இடது கண் போய்விட்டது.

அன்றே போலீஸ் வந்து கிரிகரியைப் பிடித்துக்கொண்டு போனது. அவன் அப்போதுதான் படம் பார்த்துவிட்டு வந்து, சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். முதல் நாள் தண்டல் அவனை மற்ற கூலிகள் முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தார். "ஒனக்கும் ஒரு நாள் இருக்கு" என்று கிரிகரி சொன்னதை ஷெட்டே கேட்டிருந்தது.

"நான் படக்கொட்டகையில இருந்தேன். கடைசி வரைக்கும் இருந்தேன்" என்று அவன் சொன்னான். அவன் மனைவி ஜோசஃபின் வாசலில் நின்று அதையே திரும்பச் சொன்னாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

கொட்டகையில் அந்த வருஷம் ஒரு தொடர்படம் ஓடியது. சனிக்கிழமைக்கு ஒரு பாகம். பேச்சில்லாத படம். முகமூடி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் வாராவாரம் யாரையாவது காப்பாற்றுவான். பாகம் முடியும்போது அவனே சாகக் கிடப்பான். எப்படிப் பிழைத்தான் என்பது அடுத்த வாரம்தான் தெரியும். நடுவே வரும் எழுத்து அட்டைகள் இங்கிலீஷில் இருந்ததால், நாகையா என்பவர் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வார். ஜனங்கள் அந்த வீரனுக்கு மூடித்துரை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர். விளக்கை அணைத்த பிறகு பக்கக் கதவு வழியாக யார் வேண்டுமானாலும் வெளியே போய்விட முடியும் என்று அவருக்குத் தெரியும். கொட்டகைக்கும் ஷெட்டுக்கும் நடுவே தண்டவாளம் மட்டும்தான். அதனால் அன்று ஓடிய கதையை முழுவதும் சொல்லச் சொன்னார். கிரிகரி சொன்னான். மூடித்துரை குதிரையில் வந்தார். பாழுங்கிணற்றில் கிடந்த தங்கச்சி ரோசம்மாவைத் தூக்கினார். அவளை அங்கே தள்ளிய தண்டலைச் சாட்டையால் விளாசினார்.

"தண்டலையா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

"ஆமாங்க தொரை. தண்டலைத்தான்."

படம் அனுப்பும் கம்பெனி அச்சடித்த தாள் ஒன்று இன்ஸ்பெக்டரிடம் இருந்தது. அன்று ஓட வேண்டிய ஒன்பதாம் பாகத்தில் எரிகிற கப்பல். வீரன் கடலில் குதிக்கிறான். குதிரை இல்லை, கிணறு இல்லை, தண்டலும் இல்லை.

திங்கட்கிழமை லாக்கப்பில் கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று ஜோசஃபின் இதைக் கிரிகரியிடம் கேட்டு அறிந்தாள். அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான். "நான் பார்த்தேன். கண்ணால பார்த்தேன்."

சனிக்கிழமை கொட்டகையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சின்னையா, அதே ஷெட்டில் வேலை செய்கிறவன். அவள் அவனைத் தேடிப் போனாள்.

"அண்ணி, நானும் அதேதான் பார்த்தேன். கெணறு, குதிர, சாட்ட. எல்லாரும் பார்த்தாங்க. நான் போயும் சொன்னேன். நீங்கள்லாம் ஒரே ஷெட்டு ஆளுங்க, பேசி வச்சிருக்கீங்கன்னுட்டாரு தொரை. மறுபடி வந்தா என்னையும் உள்ள போடுவேன்னாரு."

"அப்ப அந்தத் தாள்ல கப்பல்னு இருக்கே?"

"எனக்கு என்னா தெரியும் அண்ணி? இந்த நாட்டுக்கு வந்த அன்னிக்குக் கப்பலைப் பார்த்தேன். அதோட சரி."

அவள் கொட்டகைக்குப் போனாள். முதலாளி பழனியப்பன் மூட்டைப்பூச்சிக்காகப் பெஞ்சு இடுக்குகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஒம்பதாம் பாகம் வரலம்மா. ஈப்போ பக்கம் மழையில தண்டவாளம் அடிச்சிட்டுப் போயிருச்சு. ஜனம் உள்ள வந்து உக்காந்தாச்சு. பழைய பெட்டியில வேற ஒரு முகமூடிப் படம் கெடந்துச்சு, எடுத்து ஓட்டிட்டோம். முகமூடிக்காரன் எவனா இருந்தா என்னா, மூஞ்சிதான் தெரியாதே."

"யாருக்கும் தெரியலியா?"

"நாகையா சொன்னா அதான் கதை. கழுதையைக் காட்டி மூடித்துரைன்னு சொன்னாலும் கைதட்டுவாங்க."

"இதைப் போலீசுல சொல்லுங்க மொதலாளி."

"சொன்னா ஜனம் பெஞ்சை ஒடைக்கும்லா. சரி, கூப்புட்டுக் கேட்டா சொல்றேன். ஆனா ஒண்ணு. அன்னிக்கு நாகையா என்னா கதை விட்டான்னு எனக்குத் தெரியாது. அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லுவான். போன வாரம் சொன்னது இந்த வாரம் அவனுக்கே ஞாபகம் இருக்காது."

கடைசியாகச் சொன்னது அவள் மனதில் தங்கிவிட்டது.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராசாவின் மனைவி பூரணத்துக்கு அவள் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். கிரிகரியின் வாக்குமூலத்தை எழுதியவரும் தியாகராசாதான். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவள் சொன்னதை நின்றபடியே கேட்டார். இன்ஸ்பெக்டரிடம் போய்ப் பேசினார். மறுநாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"வெள்ளிக்கிழமை காலமை அதே படத்தைத் திரும்பப் போடுவினம். நாகையா அண்டைக்குச் சொன்ன மாதிரி கதை சொல்லவேணும். கிரிகரி சொன்னதோட ஒத்துப்போனால் விட்டுடுவன் எண்டு துரை சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்வார்."

அவள் கைகூப்பினாள்.

"ஒரு விசயம், பிள்ளை. அதுவரைக்கும் நீர் அந்த மனுசனோட ஒண்டும் கதைக்கக் கூடாது. கிரிகரி என்ன சொன்னவன் எண்டு அவரின்ரை காதில விழவே கூடாது. விளங்கிச்சுதோ?"

"வெளங்குதுங்க ஐயா."

விளங்கத்தான் செய்தது. வியாழக்கிழமை அவள் கிள்ளானுக்கு ரயிலேறினாள்.

நாகையா கிள்ளானில் ஆற்றை ஒட்டிய ஒரு கடையின் பின்னறையில் இருந்தார். நாடகக் கம்பெனியோடு வந்தவர். கம்பெனி கலைந்து போனது, அவர் தங்கிவிட்டார். சனிக்கிழமைகளில் மட்டும் கோலாலம்பூருக்கு வருவார். அவள் போனபோது ஒரு கோழிக்கு இறகு பறித்துக்கொண்டிருந்தார்.

"யாரு தங்கச்சி?"

"கிரிகரி சம்சாரம்."

அவர் முகம் மாறியது. "நாளைக்குத்தானே வரச் சொன்னாங்க?"

"அண்ணே, அன்னிக்கு என்னா கதை சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?"

"ஒரு கெணறு இருந்துச்சு. அதுல ஒரு பொண்ணு. சாவித்திரின்னு பேரு வச்சேனா, ரோசம்மான்னா? படம் ஓடுனாத்தான் எனக்கு வாய் வரும் தங்கச்சி. சும்மா ஒக்காரவச்சுக் கேட்டா என் பேரே மறந்துபோயிரும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு சாவித்திரின்னு வாயில வந்துட்டா?"

அவர் கோழியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு வருஷம் போடுவாங்கன்னு சொல்றாங்க அண்ணே."

பிறகு அவள் சொன்னாள். குதிரை, கிணறு, தங்கச்சி ரோசம்மா. நாகையா இறகைப் பிடுங்கியபடியே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தண்டல் என்றதும் அவர் கை நின்றது.

"அதையுமா சொன்னாரு? தொரைகிட்டயே?"

"நீங்க சொன்னதுதானே?"

"கைதட்டுக்காகச் சொன்னது தங்கச்சி! தண்டலுன்னா கொட்டகையே எந்திரிச்சு நிக்கும். நாளைக்குப் பொல்லாதவன்னு மாத்திக்கலாம்னு இருந்தேன். கூலிக்காரனுக்குத் தண்டலை அடிக்கச் சொல்லிக்குடுத்தவன் இவன்தான்னு என்னைப் புடிச்சு ஊருக்குக் கப்பலேத்திட்டா? ஊர்ல எனக்கு யாரு இருக்கா?"

"பொல்லாதவன்னு சொன்னா ஒத்துப்போகாதுண்ணே."

"ஒத்துப்போகாதுதான்."

அவள் இறகுகள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அவர் காலைத் தொடுவதற்குக் கையை மட்டும் நீட்டினாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எந்திரி. தண்டல்னே சொல்றேன். மொதல்லேர்ந்து ஒருதரம் சொல்லு."

அவள் பிள்ளைகளுக்கு ஜெபம் பழக்குவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகையின் கதவுகளைச் சாத்தினார்கள். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுந்தது. முன் பெஞ்சில் இன்ஸ்பெக்டர். அவர் பக்கத்தில் வாக்குமூலத்தோடும் ஒரு சிறு கைவிளக்கோடும் தியாகராசா. சுவரோரம் இரண்டு கான்ஸ்டபிள்கள். ஜோசஃபினைக் கடைசிப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நாகையா துவைத்த வெள்ளைக் கோட்டோடு திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

படம் ஓடியது. முதலில் அவர் குரல் நடுங்கியது. மூடித்துரை என்பதற்குள் இரண்டு தடவை எச்சில் விழுங்கினார். குதிரை மலைச்சரிவில் இறங்கியபோது குரல் தெளிந்தது. கிணறு வந்ததும் அவர் இன்ஸ்பெக்டரை மறந்துவிட்டார் என்று ஜோசஃபினுக்குத் தெரிந்தது. கையை வீசினார், ரோசம்மாவுக்காகப் பெண்குரலில் அழுதார். குதிரையின் பின்னங்காலில் லாடம் கழன்றுவிட்டது என்றும், மூடித்துரை அதை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார் என்றும் சொன்னார்.

ஜோசஃபின் நிமிர்ந்தாள். லாடத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. கிரிகரி அவளிடம் சொல்லவில்லை. கைவிளக்கின் வெளிச்சத்தில் தியாகராசாவின் விரல் தாளில் ஓடி ஓர் இடத்தில் நின்றது. அவர் திரும்பி அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அடேய் தண்டலே!" என்று நாகையா கத்தினார். திரையில் சாட்டை சுழன்றது. ஒரு கான்ஸ்டபிள் வாய்விட்டுச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டான்.

படம் முடிந்தது. கதவைத் திறந்தார்கள். தியாகராசா இங்கிலீஷில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல, இன்ஸ்பெக்டர் தாளில் அடையாளம் போட்டார். எல்லாம் முடிந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, நல்லது என்பது போலத் தலையாட்டினார். தியாகராசாவின் முகத்தில் மெல்லிய சிரிப்பு வந்தது.

நாகையா கோட்டுக் கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். முகம் பளபளத்தது. கடைசிப் பெஞ்சைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"எப்படி தங்கச்சி? நீ நேத்துச் சொன்னதுல ஒண்ணும் விட்டுப்போகலியே?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் தியாகராசாவிடம் திரும்பினார். அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். தியாகராசா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரோரம் நின்ற இருவரில் ஒருவன் தொண்டையைச் செருமினான். தியாகராசா சொன்னார். ஒரு சொல்லும் குறையாமல் சொன்னார் என்பது இன்ஸ்பெக்டரின் முகத்திலிருந்து ஜோசஃபினுக்குப் புரிந்தது.

பிறகு தியாகராசா வேகமாக ஏதோ பேசினார். தாளைக் காட்டினார், அவளைக் காட்டினார். லாடத்தைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"திங்கட்கிழமை நீர் லாக்கப்பில அவனைச் சந்திச்சிருக்கிறீர். லாடத்தையும் அவனே சொல்லியிருப்பான் எண்டு சொல்லுறார்."

"சொல்லலீங்க ஐயா."

"எனக்குத் தெரியும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்கை நிண்ட ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியும், பிள்ளை. என்னால மாத்திச் சொல்ல ஏலாது."

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க ஐயா."

நாகையா பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியில் அறைந்துகொண்டிருந்தார். பழனியப்பன் அவரை எழுந்திருக்கச் சொன்னார். அடுத்த நாள் காட்சிக்குக் கூட்டிப் பெருக்க வேண்டியிருந்தது.

ஏழு வருஷம் போட்டார்கள். அதற்கடுத்த மாதம் ஜெயிலில் கிரிகரியைப் பார்க்க விட்டார்கள். இருவருக்கும் நடுவே கம்பிவலை இருந்தது. அவன் தலையை மொட்டையடித்திருந்தார்கள். வலையில் விரல்களை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து நின்றான்.

"படம் போட்டாங்களா?"

"போட்டாங்க."

"நாகையா ஒளறிட்டாரா? அதான் இப்படி ஆயிருச்சா? கோர்ட்டுல எனக்கு ஒண்ணும் வெளங்கல."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாகையா அதற்குப் பிறகு கிள்ளானிலிருந்து வரவேயில்லை.

"அவரு சரியாச் சொன்னாரு. நாந்தாங்க மொத நாளே போயி அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். போகக் கூடாதுன்னு ஐயா சொல்லியிருந்தாரு. தொரைக்குத் தெரிஞ்சுபோச்சு."

"ஏன் போன?"

"அவருக்கு மறந்துபோச்சு. தண்டல்ங்கறதையும் மாத்திச் சொல்றதா இருந்தாரு."

 பக்கத்து வலையில் ஒரு சீனக் கிழவி தன் மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"லாடம் சொன்னாரா?"

"சொன்னாரு."

"அதை நான் ஒங்கிட்டச் சொல்லவேயில்லியே. நீ சொல்லாமலே அவருக்கு ஞாபகம் வந்திருக்கு."

"ஆமா."

அவன் அவளையே பார்த்தான். கோபமாக இருப்பான் என்று எண்ணி வந்திருந்தாள். கோபம் இல்லை. அளந்து பார்ப்பது போலப் பார்த்தான்.

"குவாட்டர்ஸை எப்ப விடச் சொன்னாங்க?"

"மாசக் கடைசிக்குள்ள."

"எங்க போவ?"

"சாலாக் செலாத்தான்ல ஒரு ரூம்பு பார்த்திருக்கேன். தச்சுப் பொழச்சுக்குவேன். நான் மாசா மாசம் வரேங்க."

அவன் வலையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். வார்டர் இன்னும் கூப்பிடவில்லை. அவன் தானாகவே திரும்பி உள்ளே நடந்தான்.