சர்க்கரை இல்லாத மூன்றாம் நாள்

என் நாத்தனாரை இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஒன்பது வருடமாக நான் மக்காச்சோள வேரின் நுனியை வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஈரத்தாளில் மூன்று நாள் முளைத்த விதையை எடுத்து, வேர்நுனியில் மூன்றே மில்லிமீட்டரை பிளேடால் நறுக்க வேண்டும். அதை உப்புக் கரைசலில் போட்டு, சர்க்கரை கொடுக்காமல் பட்டினி போடுவோம். எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறது என்று கருவி காட்டும். ஒரு நாளுக்குள் மூச்சு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதன்பின் செல்கள் தம் சொந்தப் புரதத்தையே பிரித்துத் தின்று காலம் தள்ளும். என் வரைபடங்கள் எல்லாம் ஒரே சறுக்குமரம்தான். மேலே தொடங்கி கீழே வந்து கிடக்கும்.

அவள் வந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் வரைபடம் மட்டும் மூன்றாம் நாள் மேலே ஏறியது.

பேராசிரியர் அதைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனார். "சர்க்கரை இல்லாமலே வேர் பொழைக்கக் கத்துக்குது, பாருங்க! இத்தனை வருஷமா இது யார் கண்ணுலயும் படலையே!" அந்தக் கூடத்தில் இத்தனை வருடமாக இருந்தவை இரண்டே கண்கள். இரண்டும் என் முகத்தில்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு வருகிறது. நிரந்தர வேலை ஒன்றே ஒன்று. நானும் அவளும் குழுவின் முன்னால் பேச வேண்டும். வீட்டில் மாமியார், "சின்னவ நேத்து வந்து இன்னிக்குப் பேர் வாங்கிட்டா" என்று பூரித்துப்போனார். என் கணவர், "நீயும் அது மாதிரி ஏதாவது ஒண்ணு கண்டுபிடியேன்" என்றார், கடையில் வாங்கி வரச் சொல்வதுபோல. நான் தட்டை வைத்த சத்தத்தில் வாயை மூடிக்கொண்டார்.

பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வயிறு எரிந்தது. அவள் கை நடுங்காமல் வெட்டுவதைப் பார்த்தால் எரிந்தது. அவள் வெள்ளைக் கோட்டில் கறை படாததைப் பார்த்தாலும் எரிந்தது. பிளேடு மொக்கை, மூடி கோணல், எழுத்து சாய்வு என்று எதையாவது சொன்னால்தான் எனக்கு மூச்சே வரும். அவளும் "சரிண்ணி, சரிண்ணி" என்று கேட்டுக்கொள்வாள். அது இன்னும் எரிச்சல்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் சாப்பிடப் போனதும் அவளுடைய மூன்றாம் நாள் குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி போலத் தெளிந்திருக்க வேண்டிய கரைசல், பாத்திரம் அலசிய இரண்டாம் தண்ணீர்போல லேசாக மங்கியிருந்தது. மோந்து பார்த்தேன். புளித்த வாடை.

பாக்டீரியா. மூன்றாம் நாள் மூச்சு விட்டது வேர் இல்லை, பாக்டீரியா.

ஏன் என்று தெரிந்துகொள்ள நான் நான்கு அடி நடந்தால் போதுமாக இருந்தது. செய்முறைத் தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்து. 'கரைசலைத் தினமும் மாற்றவும்' என்று இருந்தது. மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் மறுபடி போட வேண்டும் என்று இல்லை. நான் யோசிக்காமலே போடுவேன், கைப்பழக்கம். சோற்றுக்கு வாயைத் திறக்க வேண்டும் என்று யாராவது எழுதி வைப்பார்களா? அவளோ எழுதியதை எழுதியபடி செய்பவள்.

சொல்லியிருக்க வேண்டும். குடுவையை இருந்த இடத்திலேயே வைத்தேன். குழுவில் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்தச் சறுக்குமரத்தில் அவளே இறங்கி வருவாள் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதமாக இல்லாத நிம்மதி வந்தது. அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு பரிமாறும்போது ஒரு கரண்டி கூடவே போட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் முதலில் பேசினேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள், ஒருவர் கொட்டாவியை விழுங்கினார். பிறகு அவள் எழுந்து அந்த ஏறும் வரைபடத்தைத் திரையில் போட்டாள். அடுத்து இன்னொன்று போட்டாள்.

"வேரையெல்லாம் எடுத்துட்டு வெறும் கரைசலை மட்டும் அளந்தேன். அதுவும் மூச்சு விடுது. ஏறினது பாக்டீரியாவால. வேர் எறங்கித்தான் போகுது. அண்ணி ஒன்பது வருஷமாக் காட்டுறதுதான் சரி. என்னோடது தப்பு."

பேராசிரியர் முகம் தொங்கிப்போனது. குழுத் தலைவி நிமிர்ந்து உட்கார்ந்து அவள் பெயருக்கு எதிரே ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நடைவழியில் அவளைப் பிடித்தேன். "எப்படிடி கண்டுபிடிச்ச?"

"உங்களாலதான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

"அதான் அண்ணி." அவள் சிரிக்கவில்லை. "எட்டு மாசமா என் கிட்ட குத்தம் சொல்லாம ஒரு நாள் போனதில்ல. செவ்வாக்கிழமை நீங்க என் குடுவையை எடுத்து மோந்து பாத்ததைக் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன். அப்புறம் மூடி கோணல்னு கூடச் சொல்லல. சாப்பாடு வேற கூடப் போட்டீங்க. பயந்தே போயிட்டேன்."

செவ்வாயிலிருந்தே இவளுக்குத் தெரியும். மூன்று நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து, நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறாள். "தாள்ல நான் எழுதாம விட்டது..." என்று தொடங்கினேன்.

"அதைக் குழுகிட்ட சொல்லல. யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வேலை அவளுக்குத்தான். நாலு மணிக்குத் தெரிந்தது. அவளைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினேன். வயிறு எரிந்தது. இப்போது அவள் வேலைக்காக மட்டும் எரியவில்லை. அந்த மூன்று நாளும் நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டிருப்பேனா என்று நினைத்து எரிந்தது.

எல்லோரும் போன பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்த்தாளில் எழுதினேன்: 'ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஆன்டிபயாடிக் போடவும். மறந்துபோய் இதை எழுதாமல் விட்டது நான்.' கீழே கையெழுத்தும் போட்டேன். இறங்கித் திரும்பினால் கைப்பையோடு அவள் நிற்கிறாள். தாளை இரண்டு முறை படித்தாள்.

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எதுவும் சொல்லாமல் போய்விட்டால் தீர்ந்தேன்.

"வரி கோணலா இருக்கு, அண்ணி," என்றாள்.