ஒன்பது மேற்பார்வையாளர்கள்

அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை ஏற்றியதும் எங்கள் முதலாளிக்கு எங்கள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஹோட்டல் விரிப்புகளைத் துவைக்கும் கூடத்தில் நாங்கள் ஒன்பது பெண்கள். ஒன்பது பேரையும் ஒரே நாளில் மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார். எங்கள் நீலச் சட்டைகளைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். நாள் முழுக்க அழுக்கு மூட்டை சுமக்கிறவளுக்கு வெள்ளைக் கோட்டு!

லாரி ஓட்டி முதுகு போய்ப் படுத்திருக்கும் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "அதிகாரியம்மா, சம்பளம் எவ்வளவு ஏறுச்சு?"

"ஒத்தப் பைசா ஏறல. கூலிச் சட்டம் தொழிலாளிக்குத்தானாம். மேற்பார்வைக்குக் கிடையாதாம். இனிமே ஓவர்டைமும் இல்லையாம்."

அவர் சிரிப்பு நின்றது. அவர் படுத்த நாளிலிருந்து என் ஓவர்டைம் பணத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. பறிக்கிறவன் பறித்துவிட்டுப் போகட்டும், பட்டம் கட்டிவிட்டா பறிப்பான்?

எங்கள் பழைய மேற்பார்வையாளருக்கு 'விசில்' என்று பெயர் வைத்திருந்தோம். அவரையும் விடவில்லை. "உதவி மேலாளராம்மா நான். சம்பளம் அதேதான், நாற்காலி மட்டும் புதுசு" என்றார்.

மறுநாள் காலை விரிப்பு வண்டி வந்து நின்றது. நான் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கையைக் கட்டி நின்றேன். பக்கத்தில் இஸ்திரிக்காரி வந்து நின்றாள். அப்புறம் எல்லோரும். ஒருத்தியும் மெஷினைத் தொடவில்லை.

மேலாளர் ஓடி வந்தார். "என்ன கூத்து இது? வண்டி நிக்குது!"

"துவைக்கிற ஆளை அனுப்புங்க சார். மேற்பார்வை செய்ய ஒன்பது பேரு தயாரா நிக்கிறோம்."

அவர் விசிலைத் திரும்பிப் பார்த்தார். விசில் தன் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப இங்க தொழிலாளின்னு ஒருத்தர்கூட இல்லையா?" மேலாளர் தொண்டை கிழியக் கத்தினார்.

"நேத்து வரைக்கும் இருந்தோம் சார். நீங்கதான் பீரோவுல போட்டுப் பூட்டிட்டீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு பீரோவைத் திறந்து சட்டைகளை எங்கள் காலடியில் எறிந்தார். "போட்டுக்கிட்டு வேலைய ஆரம்பிங்க."

"புது கூலி? ஓவர்டைம்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறமாம்! என் சட்டையை எடுத்தேன். கக்கத்தில் நான் போட்ட தையல் அப்படியே இருந்தது. ஒரு நிமிடம் வீட்டுக்காரம்மாவின் முகம் கண்முன் வந்து போனது, வாடகைக்குக் கதவு தட்டும் முகம். பயம் பாதி, ஆத்திரம் பாதி. சட்டையை மடித்து மெஷின் மேல் வைத்துவிட்டு மறுபடி கையைக் கட்டிக்கொண்டேன்.

"மொதல்ல பேசுங்க சார். அப்புறம் போட்டுக்கிறோம்."

மற்றவர்களும் சட்டைகளை மடித்து வைத்தார்கள். வெளியே இரண்டாவது வண்டி வந்து ஹாரன் அடித்தது. மேலாளர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டார்.

"சார்," என்றார், "தொழிலாளிங்க வேலைய நிறுத்திட்டாங்க."